கடலைத் தோலும் மூன்றாம் மடையும்

போன வாரம் ஆவணக் காப்பகத்துக்கு வந்து உங்களோடு உட்கார்ந்து டீ குடித்தபோது, புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் கேட்டார்: "மேடம், அந்த ஆனைமிதி கண்மாய் வரைபடத்தோட ஒரு கவர் இருக்கு. உள்ள நிலக்கடலைத் தோல் கிடக்கு. யாரோ தின்னுட்டுப் போட்டிருக்காங்க போல. எறிஞ்சிரட்டுமா?"

நான் டீயைச் சேலையில் கொட்டிக்கொண்டதை எல்லாரும் பார்த்தீர்கள். "எறிஞ்சிராதீங்க" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. ஏன் என்று சொல்வதற்குள் உங்கள் டீ நேரம் முடிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றவர்கள் இளையவர்களுக்கு எழுத உட்கார்ந்தால் கரையான் மருந்தில் தொடங்கிப் பஞ்சப்படியில் முடிப்பார்கள். நான் இரண்டையும் தொடப் போவதில்லை. அலமாரியை எப்படித் துடைப்பது, அட்டையை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. ஊரே சுற்றி நின்று "விரி, விரி" என்னும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எப்படி என்பது மட்டும் அதில் இல்லை. கால் ஓரிடத்தில் நிற்காத என்னைப் போன்ற ஆளுக்கு அதைக் கற்றுக்கொள்ள ஒரு வாரமும் கொஞ்சம் அப்பளமும் தேவைப்பட்டன.

எண்பதுகளின் கடைசிப் பகுதி. வரலாற்றில் எம்.ஏ. முடித்த கையோடு காப்பகத்தில் சேர்ந்திருந்தேன். எந்தப் பெட்டியைக் கண்டாலும் எனக்குத் திறக்க வேண்டும். எந்தச் சுருளைக் கண்டாலும் விரிக்க வேண்டும். என் மேலதிகாரி அதற்கு நேர் எதிர். அவர் பெயர் வேண்டாம். தன் பெயர் எங்கேயாவது எழுதப்படுவது அவருக்குப் பிடிக்காது. கையெழுத்தைக்கூடக் கஞ்சத்தனமாகத்தான் போடுவார். அவரை நாங்கள் பெரியம்மா என்போம், அவர் காதில் விழாமல். அவர் வாயைத் திறந்தால் இரண்டில் ஒன்று வரும்: "விரிக்காதே." அல்லது, "எறியாதே." பழைய தாளிலிருந்து கொசு இறக்கை அளவு துணுக்கு உதிர்ந்தாலும் அதை ஒரு கவரில் போட்டு, மேலே "உதிர்ந்தவை" என்று எழுதி, அந்த ஆவணத்தோடே வைக்க வேண்டும். எங்கள் பிரிவில் அது வேதவாக்கு.

அந்தச் சித்திரையில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்திலிருந்து ஒரு வரைபடம் கேட்டு உத்தரவு வந்தது. கான்சாபுரம் பக்கத்து ஆனைமிதி கண்மாயின் வெள்ளைக்காரன் காலத்து வரைபடம். வேறு பிரதி கிடையாது. தகரக் குழாயில் சுருட்டி, வாயில் அரக்கு வைத்து, யாரும் தொடாமல் கிடந்தது. அரக்கை இரு தரப்பும் பார்க்க நீதிமன்றத்தில்தான் உடைக்க வேண்டும் என்பது உத்தரவு. யாராவது ஒருவர் கூடப் போக வேண்டும். நான் கையைத் தூக்கியபோது மற்றவர்கள் கை மேஜைக்குக் கீழே இருந்தது.

வழக்கு இதுதான். அந்தக் கண்மாயின் மூன்றாம் மடையிலிருந்து ஒரு வாய்க்கால் வருகிறது. அதன் இந்தப் பக்கம் ஞானம்மாளின் தென்னந்தோப்பு. அந்தப் பக்கம் காதர் பாயின் தென்னந்தோப்பு. ஞானம்மாள் கான்சாபுரத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், மற்ற நாட்களில் தவறாமல் கோர்ட்டுக்குப் போகிறவர். காதர் பாய் வத்திராயிருப்பில் தேங்காய் மண்டி வைத்திருந்தார். வாய்க்கால் என் நிலத்தில் ஓடுகிறது, என் தோப்புதான் முதலில் குடிக்கும் என்று இருவருமே சொன்னார்கள். மடையைப் பல முறை இடித்துக் கட்டியதில் பழைய இடம் எது என்று யாருக்கும் தெரியவில்லை. சண்டை மண்வெட்டி வரை போகவே, பழைய வரைபடத்தைப் பார்க்கும்வரை மடையை அடைத்து வைக்கச் சொல்லிவிட்டது நீதிமன்றம். கண்மாயில் தண்ணீர் கிடந்தது. இரண்டு தோப்பும் காய்ந்துகொண்டிருந்தன.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. வெள்ளிக்குள் வரைபடம் விரிந்தால் மடை திறக்கும். இல்லாவிட்டால் மே மாதம் முழுக்க அடைப்புதான். அவர்கள் இருவரும் போன வருஷம் வைத்த கன்றுகள் மே மாதத்தைப் பார்க்காது.

திங்கட்கிழமை காலை அரக்கை உடைத்தோம். உள்ளே இருந்து ஆள் உயரச் சுருள் ஒன்று வந்தது. பின்பக்கம் துணி ஒட்டிய தடித்த தாள். ஒரு நுனியை ஒரு வக்கீலும் மறு நுனியை இன்னொரு வக்கீலும் பிடித்துக்கொண்டார்கள். நான் "செத்த இருங்க" என்பதற்குள் இரண்டு பேரும் இழுத்தார்கள்.

பொரித்த அப்பளத்தை உடைத்தால் ஒரு சத்தம் வருமே, அது வந்தது.

"யாரும் மூச்சு விடாதீங்க" என்று கத்திவிட்டேன். நீதிபதி உட்பட எல்லாரும் மூச்சை நிறுத்திவிட்டார்கள். நான் பையிலிருந்து மெல்லிய தூரிகையை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் தவழ்ந்தேன். வக்கீல்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். ஒரு துணுக்கு விழுந்திருக்கிறது. எங்கே, எப்படி இருக்கும், தெரியாது. தரையில் கிடந்த அத்தனையையும் கூட்டிக் கவரில் போட்டேன்.

"டீச்சர் என்னத்தைத் தொலைச்சாக?" என்று மேலே ஒரு குரல் கேட்டது. ஞானம்மாள்.

கையில் நீளச் சுருளோடு ஓர் இளம்பெண் வந்தால், பள்ளிக்கூடத்துக்கு மேப் கொண்டுபோகிற டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த ஊரே முடிவு கட்டிவிட்டது. நான் முதல் நாள் மறுத்துப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

"விரிக்க என்ன வேண்டும்?" என்று நீதிபதி கேட்டார்.

"ஈரம் வேணும் அய்யா. காய்ஞ்சு முறுகிப் போயிருக்கு."

கோர்ட் சேவகர் டவாலி ஒரு சொம்பு தண்ணீரோடு ஓடி வந்தார். நான் வரைபடத்துக்கும் சொம்புக்கும் நடுவே பாய்ந்தேன். தண்ணீர் இல்லை, காற்றில் இருக்கிற ஈரம் என்று விளக்கினேன். மூடிய அறையில் ஈரக்காற்று பட வைத்தால் தாள் ஒன்றிரண்டு நாளில் தானாகத் தளரும். காகிதத்தை நனைத்தால் மசி ஓடிவிடும். நீதிபதி வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்தார். வரைபடம் என் பொறுப்பில் இருக்கட்டும், இரு தரப்பும் உடன் இருக்கலாம் என்றார். "இருக்கலாம்" என்றதை அவர்கள் "இருந்தே ஆக வேண்டும்" என்று எடுத்துக்கொண்டார்கள்.

பெரியம்மாவுக்குத் தந்தி அடித்தேன். மறுநாள் பதில் வந்தது: விரிக்காதே. கடிதம் பின்னால்.

இப்போது சித்திரை மாத ஸ்ரீவில்லிபுத்தூரில் ஈரத்தை எங்கே தேடுவது? துவைத்த துணி கொடியில் போடுவதற்குள் காய்கிற ஊர். உங்களுக்கு ஈரப்பதம் காட்டும் கருவி சுவருக்குச் சுவர் இருக்கிறது. எனக்கு என் சேலைக் கஞ்சி இருந்தது. அது மொடமொடவென்று நின்றது.

முதலில் லாட்ஜ் குளியலறையில் வெந்நீர் வாளிகளை வைத்து முயன்றேன். சுருள் குளியலறையைவிட நீளம், கதவு சாத்தவில்லை. மேனேஜர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், கம்புக்கெல்லாம் வெந்நீ கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இட்லிக் கொப்பரைல வச்சு ஒரு அவி அவிச்சா?" என்றார் ஞானம்மாள்.

"இம்புட்டு நீளத்துக்கு இட்லிக் கொப்பரை எங்கன இருக்கு? ரயிலு எஞ்சின்லதான் வைக்கணும்" என்றார் காதர் பாய். "என் மச்சினன் பால்கோவா போடுதாரு. காலைலருந்து பொழுது சாயுற வரைக்கும் அந்தக் கொட்டகைல ஆவிதான். அங்க வாங்க."

"அவரு மச்சினன் கொட்டகைக்கு நான் வரமாட்டேன் டீச்சர். மேப்பை மாத்திருவாக."

"ஆமா, எங்க மச்சினன் பால்கோவாவை வித்துட்டு மேப்புத்தான் வரைஞ்சுக்கிட்டு இருக்காரு."

கடைசியில் மூன்று பேரும்தான் போனோம். அங்கே ஒரே ஒரு நல்ல காரியம் செய்தேன். பெரிய சுருளைக் குழாயிலேயே விட்டுவிட்டு, ஒரு பழைய செய்தித்தாளைச் சுருட்டி, பால் காய்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தாள் அழகாகத் துவண்டது. எடுத்துப் பிரித்தால் விரல் ஒட்டியது. கீழே வைத்தால் எறும்பு வந்தது. தாள் முழுக்க இனிப்பு. நூறு வருஷமாகக் கரையானிடமிருந்து காத்த வரைபடத்தை எறும்புக்கு விருந்து வைத்திருப்பேன். எதைச் செய்வதானாலும் முதலில் எறியத்தக்க ஒன்றில் செய்து பாருங்கள் என்று உங்கள் கையேடு சொல்கிறதா என்று தெரியாது. சொல்லாவிட்டால் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை ஒன்றும் தோன்றாமல் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். என்னோடு கல்லூரியில் படித்த வசந்தா அங்கே ஒரு நூற்பாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். யாரிடமாவது புலம்ப வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கமில்லை. குழாயும் கூட வந்தது. குழாயோடு அவர்கள் இருவரும் வந்தார்கள். மூன்று பேர் சீட்டில் ஞானம்மாள் ஜன்னலோரம், காதர் பாய் நடைபாதையோரம், நடுவில் நான், என் தலைக்கு மேல் குழாய். பாய் ஒரு பொட்டலம் வறுத்த கடலை வாங்கிப் பிரித்தார். என் மடியைத் தாண்டி ஞானம்மாள் கை நீண்டது. பொட்டலமும் நீண்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டு தின்றார்கள்.

வசந்தா வீட்டில் அவள் அம்மா "ராம்மா, கூர்ச்சோ" என்று தெலுங்கில் உட்காரச் சொல்லி நீர்மோர் கொடுத்தார். அவர்கள் வீட்டு வெள்ளை நாய் எங்கள் மூவரையும் அனுமதித்தது, குழாயை அனுமதிக்கவில்லை. அதற்கு முன்னால் படுத்துக்கொண்டு உறுமியது. வசந்தா வேலை முடிந்து வந்து நின்றாள். தலையெல்லாம் பஞ்சு. கட்டியிருந்த காட்டன் சேலை கசங்கின கைக்குட்டை மாதிரி தொங்கியது.

"என்னட்டி, மழைல நனைஞ்சியா?" என்றேன்.

"எங்க மில்லுக்குள்ள போயிட்டா எந்தக் கஞ்சியும் நிக்காது. காத்து காய்ஞ்சா நூல் அறுந்துரும்லா? அதுக்காகக் கூரைலருந்து பொகை மாதிரி தண்ணியைத் தூத்திக்கிட்டே இருப்பாங்க. வருஷம் பூராவும் எங்களுக்கு மார்கழிதான்."

நான் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் இரண்டு தோளையும் பிடித்தேன்.

"உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றாள் வசந்தா. ஆனாலும் மில்லில் போய் அனுமதி கேட்டாள்.

பஞ்சுத் தூசு ஒரு சிக்கல். வரைபடத்தின் மேல் அது படிந்தால் எடுக்க முடியாது. காற்று போக வேண்டும், தூசு போகக் கூடாது. அதற்கும் அந்த ஊரிலேயே வழி இருந்தது. பக்கத்தில் சத்திரப்பட்டியில் தறிக்குத் தறி ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிதான் நெய்கிறார்கள். காதர் பாய் போய் இரண்டு கை நிறைய அள்ளி வந்தார். தலையிலிருந்து கால் வரை சுற்றினேன். சுற்றி முடித்துவிட்டு ஓர் எட்டு பின்னால் வந்து பார்த்தால், பெரிய விபத்தில் சிக்கிய ஒல்லியான ஆள் ஒருவர் கிடந்தார்.

மில் கேட்டில் காவலாளி மறித்தார். "உள்ள போறது பஞ்சு, வெளிய வாறது நூலு. இது ரெண்டுல எது?"

"ரெண்டும் இல்லண்ணே, மேப்பு."

"அதுக்கு எங்கிட்ட டோக்கன் இல்ல டீச்சர்."

பிறகு யோசித்து, பார்வையாளர்களுக்குக் குத்தும் வில்லையை எடுத்துக் கட்டுத்துணியில் குத்தி அனுப்பினார்.

உள்ளே கூரையிலிருந்து ஈரம் புகையாக இறங்கியது. பத்தடி போவதற்குள் என் சேலை அடங்கிவிட்டது. எந்தக் கருவியும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்காது. ஓர் ஓரத்தில் பெஞ்சு போட்டு வரைபடத்தைக் கிடத்தினோம். ஆளுக்கு ஒரு பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள் வாதியும் பிரதிவாதியும். அந்த வழியாகப் போன ஒரு மில் தொழிலாளிப் பெண் மெல்ல வந்து ஞானம்மாளின் கையைப் பிடித்தார். "ஆபரேசன் முடிஞ்சிருச்சா ஆச்சி?"

"இல்லம்மா. வெள்ளிக்கெழம கோர்ட்டுலதான் பிரிக்காக."

அந்தப் பெண் கட்டுத்துணியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

எப்போது எடுப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. சீக்கிரம் எடுத்தால் மறுபடி முறியும். அதிக நேரம் விட்டால் பூஞ்சை பிடிக்கும், வண்ணம் கசியும். கட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கவும் கூடாது. பால்கோவாக் கொட்டகைப் பாடம் நினைவுக்கு வந்தது. எறியத்தக்க ஒன்று வேண்டும். வரைபடத்தைப் போலவே மொறுமொறுப்பாக இருக்க வேண்டும். ஞானம்மாளின் சாப்பாட்டுத் தூக்கில் பொரித்த அப்பளம் இருந்தது. ஒன்றை எடுத்து அதே கட்டுத்துணியில் சுற்றி வரைபடத்தின் பக்கத்தில் வைத்தேன். இது நமுத்தால் அதுவும் தளர்ந்திருக்கும்.

ஏறக்குறைய அரை நாள் கழித்து வந்து பார்த்தேன். கட்டுத்துணி இருந்தது. அப்பளம் இல்லை.

காதர் பாய் கூரையைப் பார்த்தார்.

"சாட்சியைத் தின்னுட்டாரு டீச்சர்," என்றார் ஞானம்மாள். "நான் கண்ணால பாத்தேன்."

"பாத்துக்கிட்டு ஏன்க்கா சும்மா இருந்தீக?" என்றேன்.

"தின்னு முடிக்கட்டும், கோர்ட்டுல சொல்லிக்கிடலாம்னு இருந்தேன்."

நான் பாயிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "நமுத்திருந்துச்சா?"

அவர் நேர்மையான மனிதர். நன்றாக யோசித்தார். "ஓரம் நமுத்திருந்துச்சு. நடு மொறுமொறுன்னுதான் இருந்துச்சு."

எனக்கு அது போதும். ஈரம் இன்னும் நடுவுக்குப் போகவில்லை. அதிகாரபூர்வமாக இரண்டாவது அப்பளத்தை வைத்து, அதற்குக் காவலாக ஞானம்மாளை வைத்தேன். என் கை அப்போதே கட்டைப் பிரிக்கத் துடித்தது. மில் சங்கு ஊத ஊத, ஷிப்டு மாற மாற, புது ஆட்கள் வந்து வந்து "இன்னும் பிரிக்கலையா?" என்றார்கள். "கொஞ்சமாப் பிரிச்சுப் பாக்கலாம்ல டீச்சர்" என்று வசந்தாவே சொன்னாள், டீச்சர் உட்பட. பையில் தந்தி இருந்தது. விரிக்காதே. முதல்முறையாக அந்தச் சொல் எனக்குத் திட்டு மாதிரி கேட்கவில்லை. பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை இரண்டாவது அப்பளத்தைத் தூக்கினேன். ஈரத்துணி மாதிரி மடங்கித் தொங்கியது.

இனி அதைக் குழாயில் அடைக்க முடியாது. வசந்தா ஒரு பலகை வாங்கிக் கொடுத்தாள். கட்டோடு அதில் கிடத்தி, முன்னால் காதர் பாயும் பின்னால் ஞானம்மாளும் தூக்க, நான் குடை பிடிக்க, ராஜபாளையம் பஸ் நிலையத்துக்குள் நுழைந்தோம். டீக்கடையில் பேச்சு நின்றது. சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கிச் செருப்பைக் கழற்றினார். பூக்கடைக்காரர் ஒரு முழம் வெட்டி எடுத்தே விட்டார்.

கண்டக்டர் படியில் நின்று கையை விரித்தார். "டெட்பாடியெல்லாம் பஸ்ல ஏத்தக் கூடாது."

"டெட்பாடி இல்லய்யா," என்றார் காதர் பாய். "உசுரோடதான் இருக்கு."

"பொறவு ஏன் மூஞ்சி வரைக்கும் கட்டியிருக்கு?"

"கண்ணுல தூசி விழுந்துரக் கூடாதுன்னு டீச்சர் கட்டுனாக."

நான் தலையிட்டு விளக்கினேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் எழுந்து இடம் கொடுத்து, குனிந்து, தணிந்த குரலில் "என்ன வயசு?" என்று கேட்டார். "நூறு தாண்டிருச்சு" என்றார் ஞானம்மாள். பெரியவர் திருப்தியாகத் தலையாட்டினார். "அம்புட்டு வயசா. இனி என்ன, எல்லாம் பாத்தாச்சு."

நீதிமன்றத்தில் எங்கள் வழக்கைக் கூப்பிடும்போது ஊரே உள்ளே இருந்தது. டவாலி கட்டுத்துணியின் நுனியைப் பிடித்துக்கொள்ள, நான் சுருளை உருட்டினேன். அவர் பின்னால் நடந்துகொண்டே போனார். வாசலைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, கண்ணுக்கு மறைந்தார். வெறும் சுருள் மேஜையில் கிடந்தது. வக்கீல்கள் கை நீட்டினார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். கையை எடுத்துக்கொண்டார்கள்.

வாழைக் குருத்து விரிகிற மாதிரி விரிந்தது. சத்தமே இல்லை. மூலைகளை அழுத்த இரு தரப்பு வக்கீல்களும் தடித்த சட்டப் புத்தகங்களைப் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தார்கள். ஞானம்மாள் தூக்குவாளியைக் கொடுத்தார். ரசம் இருந்ததால் மறுத்துவிட்டேன். நீல வண்ணத்தில் கண்மாய். முதல் மடை. இரண்டாம் மடை. மூன்றாம் மடை இருக்க வேண்டிய இடத்தில், நகக்கண் அளவு ஓட்டை.

திங்கட்கிழமை உதிர்ந்த துணுக்கு.

யாரும் மூச்சு விடவில்லை, இந்த முறை நான் சொல்லாமலே. ஓட்டையோடு இருந்தால் மடை எந்தப் பக்கம் என்று தெரியாது. தெரியாவிட்டால் திறக்காது. நான் பையிலிருந்து "உதிர்ந்தவை" கவரை எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் கொட்டினேன். பென்சில் சீவல், முறுக்குத் துகள், ஒரு சட்டைப் பொத்தான், சிவப்புச் சிவப்பாக ஏகப்பட்ட நிலக்கடலைத் தோல்.

கட்டுமானங்களைச் சிவப்பில் தீட்டுவது அந்தக் கால வழக்கம். மடை கட்டுமானம். ஆகவே நான் தேடுகிற துணுக்கும் சிவப்பு. நூறு வருஷத்தில் அந்தச் சிவப்பு மங்கி, அச்சு அசலாகக் கடலைத் தோல் நிறத்துக்கு வந்திருந்தது.

கவ்வியால் ஒன்றை எடுத்து ஓட்டையில் வைத்தேன். ஏறக்குறையப் பொருந்தியது.

"ஆட்சேபணை," என்றார் ஒரு வக்கீல். "அது கடலைத் தோல்."

"கடலைத் தோல் என்பதை எதிர்த்தரப்பு நிரூபிக்கட்டும்," என்றார் மற்றவர்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இங்கே கடலை தின்றது யார்?"

காதர் பாய் மெல்ல எழுந்தார். "திங்கக்கெழம நாந்தாங்கய்யா. பசிச்சுது."

ஞானம்மாளும் எழுந்தார். "நானும்தான்."

"ஒரே பொட்டலமா?"

"ஆமாங்கய்யா," என்றார்கள் இருவரும்.

நீதிபதி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "தேடுங்கள்" என்று என்னிடம் சொன்னார்.

ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். தோலென்றால் பின்பக்கம் வழவழப்பு. தாளென்றால் பின்பக்கம் நார் தெரியும், பசை தெரியும். கடைசியில் ஒன்றில் நார் தெரிந்தது. எடுத்து வைத்தேன். "ஏறக்குறைய" என்ற பேச்சே இல்லை. விளிம்போடு விளிம்பு போய் உட்கார்ந்தது. மூன்றாம் மடை தெரிந்தது. அதிலிருந்து கிளம்பும் வாய்க்கால் தெரிந்தது. அந்த வாய்க்காலின் இரண்டு பக்கமும் கொஞ்ச தூரத்துக்கு நீலம் என்பதும் தெரிந்தது.

நீலம் என்றால் கண்மாய். வாய்க்கால் ஓடிய பட்டை ஞானம்மாளுடையதும் இல்லை, காதர் பாயுடையதும் இல்லை. ஊர்ப் பொது. அது மட்டுமில்லை. இப்போது அவர்கள் வைத்திருக்கிற தோப்புகளில் இந்தப் பக்கத்தில் இரண்டு வரிசைத் தென்னையும் அந்தப் பக்கத்தில் இரண்டு வரிசைத் தென்னையும் நீலத்துக்குள் நின்றன.

வக்கீல்களுக்குப் புரிவதற்கு முன்னால் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. வழக்கு தொடங்கியதிலிருந்து முதல்முறையாக இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பக்கமிருந்தும் என் காதுக்கு வந்தார்கள்.

"டீச்சர்," என்றார் காதர் பாய் மெல்ல, "சுருட்டிருங்க."

"ஆமா டீச்சர். அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

ஒரு வாரமாக விரி விரி என்று என் உயிரை எடுத்தவர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. சுருட்ட முடியாது என்று தலையாட்டினேன். நம் வேலை அவ்வளவுதான்: விரிகிற நேரம் வரும்வரை விரிக்காமல் இருப்பது, விரிந்த பிறகு சுருட்டாமல் இருப்பது. அதில் என்ன தெரிய வேண்டும் என்று தீர்மானிப்பது நம் வேலை இல்லை.

நீதிபதி அரை மணியில் முடித்தார். வாய்க்கால் பொது, யாரும் அடைக்கக் கூடாது, மடையை அன்றே திறக்க வேண்டும். நீலத்தில் நிற்கும் மரங்களை வருவாய்த் துறை பார்த்துக்கொள்ளும். இரண்டு பேரும் தோற்றார்கள். இரண்டு தோப்பும் பிழைத்தன.

மறுநாள் அவர்கள் கூப்பிட்டு நான் கான்சாபுரம் போனேன். வாய்க்காலில் தண்ணீர் நுழைந்தது. முதலில் காய்ந்த ஓலைத் துணுக்குகளைத் தள்ளிக்கொண்டு நுரையாக வந்து, வெடித்த மண்ணில் கொஞ்சம் நின்று, பிறகு நகர்ந்தது. ஆளுக்கு ஒரு மண்வெட்டியோடு இரண்டு கரையிலும் அதன் கூடவே நடந்தார்கள் இருவரும். சண்டை நிற்கவில்லை.

"எல்லாம் உங்க மேப்பு ஆசைனால வந்தது பாய். சும்மா இருந்தா நாலு வரிச மரம் நம்மகிட்ட இருந்திருக்கும்."

"கேஸு போட்டது யாரு? நானா?"

"அப்பளத்தைத் தின்னது யாரு?"

நீலத்துக்குள் நின்ற மரங்களுக்கும் தண்ணீர் போனது. தண்ணீருக்கு வரைபடம் தெரியாது.

நான் சென்னை திரும்பும்போது பெரியம்மாவின் கடிதம் லாட்ஜுக்குப் போய், நான் இல்லாமல், காப்பகத்துக்கே திரும்பி வந்து அவர் மேஜையில் கிடந்தது. பிரித்துப் படிக்கச் சொன்னார். ஒரே வரிதான்: அந்த ஊரில் இந்த மாதத்தில் ஈரம் கிடைக்காது, உடனே கொண்டு வா. படித்துவிட்டுத் தலை நிமிர்ந்தேன். அவர் வரைபடத்தை விரித்து, பூதக்கண்ணாடியால் அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோர்ட்டிலேயே ஒட்டிக் கொண்டுவந்த துணுக்கின் மேல் நெடுநேரம் நின்றார். ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு பஞ்சு இழையை எடுத்து என்னிடம் காட்டினார். நான் மில்லிலிருந்து அப்பளம் வரை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை.

பிறகு "உதிர்ந்தவை" கவரைப் பிரித்தார். வேண்டாததையெல்லாம் நான் எடுத்துவிட்டிருந்தேன். ஓட்டையில் முதலில் வைத்த அந்த ஒரு கடலைத் தோலை மட்டும் எறிய மனம் வராமல் விட்டிருந்தேன். அவர் அதைக் கவ்வியால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன். தோலைக் கவரிலேயே போட்டு, பேனாவை எடுத்து, மேலே ஏதோ எழுதி, வரைபடத்தோடு வைத்துக் கட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த முறை அந்தக் கவரை எடுக்கும்போது நன்றாகப் பாருங்கள். "உதிர்ந்தவை" என்பது என் கையெழுத்து. அதற்குக் கீழே, கண்ணை இடுக்கினால்தான் தெரியும், அவர் கையெழுத்தில் ஒரு சொல் இருக்கிறது.

"வறுத்தது."